வெள்ளிக்கிழமை சாம்பிராணி

ஒப்பந்தத் தாள்களில் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. 'வெற்றிகரமாக' என்பது அது. 'சோதனை ஓட்டம் வெற்றிகரமாக முடிந்த நாளிலிருந்து' என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும், அதற்குப் பின்னால் எவ்வளவு பெரிய வாக்குறுதியையும் கூசாமல் எழுதலாம். எழுதுகிறவனுக்கு அதில் ஒரு நஷ்டமும் கிடையாது. சில வருஷங்கள் இந்தத் தாள்களோடு குப்பை கொட்டியவன் என்பதால் சொல்கிறேன்.

2006இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையில் எனக்கு வேலை. உமியையும் சவுக்குக் கட்டையையும் எரித்து மின்சாரம் எடுக்கிற ஆலை ஒன்றைச் சென்னை முதலாளி ஒருவர் கட்டத் தொடங்கியிருந்தார். ஆலை, சிதம்பரம் சாலையிலிருந்து மேற்கே உள்ளே தள்ளி இருந்தது. நான் சிதம்பரத்தில் கீழவீதிக்குப் பின்னால் குடியிருந்து, தினம் பஸ்ஸில் கடலூர் போய் வந்தேன். ஆலையைக் கட்டித் தருகிற கம்பெனிக்கும் முதலாளிக்கும் நடுவே போகிற, வருகிற தாள்களையெல்லாம் படித்து அடுக்கி, எந்த நிபந்தனை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டவுடன் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை.

ஆலைக்கு வாங்கிய நிலத்தில் என் மாமனாரின் நிலமும் இருந்தது. மானாவாரியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற மேட்டு நிலம். விலையில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. நிலம் கொடுக்கிற குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்று சொன்னார்களே, அதில்தான் விழுந்தார். அவருடைய ஒரே மகன், என் மனைவியின் தம்பி, ஐ.டி.ஐ. படித்துவிட்டு நெய்வேலி, சிப்காட் என்று பயிற்சி ஆளாகவே அலைந்துகொண்டிருந்தான். எங்கே போனாலும் பயிற்சி முடிந்ததும் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். மகன் ஓர் இடத்தில் நிலையாக உட்கார வேண்டும், மாமனாருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். ஆலை 'வணிக உற்பத்தியைத் தொடங்கிய நாளிலிருந்து' வேலை நிரந்தரம் என்று இருந்தது.

"அப்டின்னா இன்னா மாப்ள?" என்று கேட்டார்.

"ஆலையக் கட்டி, ஓட்டிப் பாத்து, சோதனையில பாஸாவணும் மாமா. கரண்டு ஆபீஸ் அதிகாரி கூட ஒக்காந்து பாத்து கையெழுத்துப் போடணும். அதுக்கு அப்பறந்தான் வேலை. அது வரைக்கும் ஒண்ணும் கெடயாது."

"இம்மாங் காசு போட்டுக் கட்டுறவன் ஓட வுடாமயா போவான்?"

நியாயமான கேள்வி. அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சோதனை என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. கட்டி முடித்த ஆலை மூன்று பகலும் மூன்று இரவும் நிற்காமல் முழு வேகத்தில் ஓட வேண்டும். நடுவில் எந்தக் காரணத்தால் நின்றாலும் ஓடியது கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே இருக்கிற மின்கம்பியில் கோளாறு என்றால் மட்டும் விலக்கு. இந்த ஓட்டம் முடிகிற வரை ஆலை கட்டிய கம்பெனியின் பொறுப்பில் இருக்கும். முடிந்த பிறகே முதலாளி கைக்கு வரும். சோதனையின்போது பாதுகாப்புக் கருவிகள் எல்லாம் வேலை செய்ய வேண்டும், எதையும் மூடியோ கழற்றியோ வைத்திருக்கக் கூடாது. சோதனையில் உண்டாகிற மின்சாரம் கம்பியில் போகும், ஆனால் அதற்கு விலை கிடையாது. இதற்கெல்லாம் மேலே ஒரு கடைசித் தேதி. அதற்குள் முடியாவிட்டால் மின்சாரத்தை வாங்குகிற உடன்பாடு செல்லாது, வங்கியும் கையை விரித்துவிடும்.

மச்சானைப் பயிற்சி ஆள் என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கொடுத்தது முதலாளியும் இல்லை, கட்டுகிற கம்பெனியும் இல்லை. ஆள் அனுப்புகிற மேஸ்திரி ஒருவர் வாரக் கடைசியில் மரத்தடியில் நின்று கொடுப்பார். அதைப் பற்றி அப்போது யாரும் கவலைப்படவில்லை. மச்சானுக்கு நீல நிறச் சட்டை கொடுத்திருந்தார்கள். அதைத் துவைக்கிற நாளில்கூட வேறு சட்டை போட மனமில்லாமல் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போவான். என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

முதன்முதலாக ஆலையின் மின்சாரத்தை வெளிக்கம்பியோடு சேர்த்த நாளில் நான் அங்கே இருந்தேன். எல்லோரும் கண்ட்ரோல் ரூமில் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க, மச்சான் மட்டும் வெளியே ஓடி, தலைக்கு மேலே போகிற கம்பியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். கம்பியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

"நம்ம கொல்லையில வெளஞ்சது மாமா. எங்க எங்கயோ போவுது பாரு" என்றான்.

அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்த கடைசி நாள் அதுவாகத்தான் இருக்கும்.

வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு வைக்கிற நேரத்தில் கண்ட்ரோல் ரூமுக்குச் சாம்பிராணி போடுகிற வழக்கத்தைத் தொடங்கியவன் அவன்தான். வீட்டிலிருந்து தூபக்கால் கொண்டுவந்து வைத்திருந்தான். பாய்லரின் அடிக்கதவைத் திறந்து கங்கு எடுத்து, அதில் பொடியைத் தூவி, வரிசையாக நிற்கிற இரும்புப் பெட்டிகளுக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போவான். கட்டுகிற கம்பெனியின் தலைமைப் பொறியாளர் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையாலும் புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வேலை மும்முரத்தில் மச்சான் மறந்துவிட்டால், "ஏம்ப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையா?" என்று அவரே கேட்பார். வெளியூர்க்காரர், ஆனால் பக்தி உள்ளவர் என்று மாமனார் வீட்டில் அவரைப் பற்றி நல்ல பேச்சு.

முதல் சோதனை ஐப்பசி மழையில் தோற்றது. உமி நனைந்து கட்டிகட்டியாகி, பாய்லருக்குப் போகிற வழி அடைத்துக்கொண்டது. அது போகட்டும், மழையை யார் திட்ட முடியும்? பிறகு ஒன்று மாற்றி ஒன்று பழுது. கடைசித் தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்து நின்றது. 2009இல், அந்தத் தேதிக்கு முந்தைய புதன்கிழமை காலையில் கடைசிச் சோதனையைத் தொடங்கினார்கள். சனிக்கிழமை காலையில் முடிந்துவிட வேண்டும்.

தொடங்குவதற்கு முன்னால், பாதுகாப்புக் கருவிகள் பற்றிய நிபந்தனைப்படி, கண்ட்ரோல் ரூம் கூரையில் இருந்த சின்ன வட்டக் கருவிகளின் பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றினார்கள். புகையை மோப்பம் பிடித்து ஆலையை நிறுத்துகிற கருவிகள் அவை. கட்டுமானத் தூசி படாமல் இருக்க அத்தனை மாதமும் மூடியே வைத்திருந்தார்கள், முதல் சோதனையில்கூட யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒருவர் ஏணியில் ஏறிக் கழற்ற, ஏணியைக் கீழே பிடித்துக்கொண்டவன் மச்சான். அதிகாரி வருகிறார் என்று கூரையைத் துடைக்கிறார்கள் என்று நினைத்தானாம். அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏணி பிடிக்கிறவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் கையெழுத்து வாங்க வேண்டிய தாள்களோடு ஆலைக்குப் போயிருந்தேன். எல்லோர் முகத்திலும் களை வந்திருந்தது. அதிகாரி தட்டில் இருந்த மிக்சரைக் கொறித்துக்கொண்டு, "பரவாயில்ல, நல்லாவே ஓடுது" என்றார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். சாம்பிராணி வாசம் வந்தது. உண்மையைச் சொன்னால் அந்த வாசம் மனதுக்கு இதமாக இருந்தது. நாளைக் காலையில் மச்சானுக்கு வேலை நிச்சயம், மாமனார் வீட்டில் வடை பாயசத்தோடு சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மணி அலறியது. கால் வழியாக உடம்பு முழுக்க உணர்ந்துகொண்டிருந்த அதிர்வு சட்டென்று இல்லாமல் போயிற்று. டர்பைன் நின்றுவிட்டது. போக இடமில்லாத நீராவி பாய்லரின் உச்சியிலிருந்து பீறிட்டுக் கிளம்பி, ஊரே அதிருகிற மாதிரி சத்தம் போட்டது.

நான் கதவைத் திறந்தபோது மச்சான் கையில் தூபக்காலோடு நின்றுகொண்டிருந்தான். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. அதைக் கீழே வைக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. தலைமைப் பொறியாளர் அவனைப் பார்த்துக் கத்தினார்.

"யாரு இவன்? இவன உள்ள விட்டது யாரு?"

வெள்ளிக்கிழமை தோறும் அவன் கையிலிருந்து புகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் கேட்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கேயே அறைந்திருக்கலாம். அறையவில்லை, மாதச் சம்பளக்காரன்.

எங்கள் மேனேஜர் அதிகாரியைத் தனியாக அழைத்துப்போய்க் கெஞ்சினார். வெளிக்கம்பியில் கோளாறு என்று எழுதிவிட்டால் சோதனை தப்பிவிடும். அதிகாரி கெட்டவர் இல்லை. அவருக்கும் முகம் வாடிப்போயிருந்தது.

"லைன் போயிருந்தா எழுதலாம் சார். லைன் நல்லாத்தான இருக்குது? உள்ள நின்னா நின்னதுதான் சார்."

இனிமேல் தொடங்கினால் கடைசித் தேதிக்குள் மூன்று பகல், மூன்று இரவு கிடைக்காது. இதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மச்சானை அலுவலக வண்டியில் ஏற்றி ஊருக்குள் கூட்டிப்போனேன். மாமனார் வாசலில் நின்றிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. நீராவிச் சத்தம் கேட்டுச் சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். அண்டை வீட்டுக்காரர்களுக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் வாயிலும் கொஞ்சம் போட்டார். அவன் அதை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. நான்தான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஆலை ஓடவில்லை. முதலாளியும் கட்டிய கம்பெனியும் சென்னையில் ஒரு நடுவர் முன்னால் போய் நின்றார்கள். கம்பெனி சொன்னது இதுதான்: நிறுத்தியது முதலாளியின் ஆள், ஆகவே ஆலை பாஸானதாகக் கொள்ள வேண்டும். முதலாளி தரப்போ, ஒப்படைக்கிற வரை ஆலை கம்பெனியின் பொறுப்பு, உள்ளே வந்தவன் யாரானாலும் அவர்கள் ஆள்தான் என்றது. 'அந்த நபர் எங்கள் ஊழியர் அல்ல' என்ற வரி இரண்டு பேர் தாளிலும் இருந்தது. பிரதி எடுத்து அடுக்கியவன் நான். மேஸ்திரியைத் தேடினார்கள். புல் வெட்டத்தான் ஆள் அனுப்பினேன், மிஷின் ரூமுக்கு அவன் எதற்குப் போனான் என்று ஒரு தடவை சொன்னார். அதற்குப் பிறகு அவர் போன் எடுக்கவே இல்லை.

ஒரு நாள் இரண்டு தரப்பு வக்கீல்களும் கடலூர் அலுவலகத்துக்கு வந்து மச்சானை விசாரித்தார்கள். அவன் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுவதற்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் அந்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்திருந்தான்.

"ஒங்களுக்கு வேலை குடுத்தது யாரு?"

"எங்கப்பா சார்."

"அதக் கேக்கல. கம்பெனியில யாரு?"

"எங்கப்பாதான் சார். நெலத்தக் குடுத்தாரு. அதுக்குத்தான் வேலை."

"சாம்பிராணி போடச் சொன்னது யாரு?"

"யாரும் சொல்லல சார். வெள்ளிக்கெழம."

"புகை பட்டா மிஷின் நிக்கும்னு தெரியாதா?"

"இத்தினி வெள்ளிக்கெழமயும் நிக்கலியே சார்."

வக்கீல்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஆங்கிலத்தில் படித்தபோது அவன் திமிராகப் பதில் சொன்னது போல இருந்தது. படியில் இறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டான்.

"நான் யாரு ஆளு மாமா?"

எங்கள் ஆள் என்று சொல்லித் தோளில் கை போட்டிருக்கலாம். அவன் கேட்டது அது இல்லை என்று எனக்குத் தெரியும். டீ குடிக்கலாம் வா என்று கூட்டிக்கொண்டு போனேன்.

மஞ்சக்குப்பம் அலுவலகத்தை மூடினார்கள். நான் சிதம்பரத்திலேயே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஆலைக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊரில் மச்சானுக்குச் சாம்பிராணி என்றே பெயர் விழுந்துவிட்டது. அந்த வருஷங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கரண்டு போனவுடன் தெருவில் எவனாவது, "டேய், இன்னிக்கும் போட்டுட்டியாடா?" என்று குரல் கொடுப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். கேலிதான், விரோதம் இல்லை. ஆனால் மச்சான் எழுந்து உள்ளே போய்விடுவான். கரண்டு திரும்பி வந்த பிறகும் வெளியே வரமாட்டான். எங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டாலும் ஒரு வாரம் தாங்காது, எதையாவது தொட்டுவிடுவேனோ என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி நின்றுபோயிற்று. மாமியார் ஊதுவத்தி கொளுத்தினால்கூட அவன் அணைத்துவிடுவான்.

2011 கடைசியில் புயல் வந்தது. எங்கள் மாவட்டத்தில் முந்திரி, பலா, சவுக்கு என்று ஒரு மரம் பாக்கியில்லாமல் சாய்த்துப் போட்டுவிட்டது. கம்பங்கள் ஒடிந்து வாரக்கணக்கில் ஊர் இருட்டில் கிடந்தது. நான் அரிசி, மெழுகுவத்தியோடு மாமனார் வீட்டுக்குப் போனபோது மச்சான் விழுந்து கிடந்த சவுக்குத் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இத்தினி கட்டை கெடக்குது மாமா. இப்ப வுட்டா மூணு நாளு இன்னா, மூணு மாசம் ஓட்டலாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முழுக்க இருட்டு. கால் வைக்கிற இடமெல்லாம் விறகு. நடுவில் பூட்டிய ஆலை. இந்த அக்கிரமத்தை எந்த நடுவரிடம் போய்ச் சொல்வது? முதலாளியையும் கம்பெனியையும், அந்த 'வெற்றிகரமாக' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை.

கரண்டு வருவதற்கு முன்னாலேயே, 2012 பொங்கலை ஒட்டி, மாமனார் போய்விட்டார். மார்புச் சளி என்றார்கள். கடைசி வரை யார் வந்தாலும், "கேஸு முடிஞ்சிதா, பையன எப்ப கூப்புடுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்களும் கூப்பிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

ஒரே மகன், கொள்ளிச் சட்டியை அவன்தான் தூக்க வேண்டும். புகை என்றால் ஓடுகிறவன் என்ன செய்யப்போகிறானோ என்று என் மனைவி பயந்தாள். அவன் ஈர வேட்டியோடு வந்து, சட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். சுடுகாட்டுக்குப் போகிற பாதை ஆலையின் மதிலை ஒட்டித்தான் போகிறது. புயலில் மதில் பாதி இடிந்து, உள்ளே பாய்லரும் துருவேறிய கம்பிகளும் தெரிந்தன. காற்று மேற்கே, ஆலைப் பக்கமாக அடித்தது.

மதில் தொடங்குகிற இடத்தில் மச்சான் தோளில் இருந்த ஈரத் துண்டை எடுத்துச் சட்டியின் மேல் போட்டு, இரண்டு கையாலும் இறுக்கி மூடிக்கொண்டான். பின்னால் வந்த பங்காளிகள் கூச்சல் போட்டார்கள்.

"டேய், துணிய எடுடா! கொள்ளி அணைஞ்சிடும்டா!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கை சுட்டிருக்க வேண்டும். மதில் முடிகிற வரைக்கும் அப்படியே நடந்தான். முடிந்ததும் துண்டை எடுத்தான். கொள்ளி அணைந்திருந்தது. யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள், யாரோ தீப்பெட்டி தேடினார்கள். மச்சான் என் பக்கம் திரும்பினான்.

"உள்ள போவலல்ல மாமா?"

"போவல மச்சான்" என்றேன்.